கார் லோன் முடிஞ்சாச்சு, கெரானில் இன்னும் வங்கியின் பெயர் இருக்கா?

கடைசித் தவணை கட்டியாச்சு. ஐந்து வருஷம், ஏழு வருஷம், சிலருக்கு ஒன்பது வருஷம் என்று மாசாமாசம் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்த பணம் இனிமேல் போகாது. கார் இப்போது நம்முடையது. பெரும்பாலானோர் அத்தோடு அந்தக் கோப்பை மூடிவிடுகிறோம்.

ஆனால் கடன் முடிவது ஒரு விஷயம். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் பதிவில் வங்கியின் பெயர் நீங்குவது வேறொரு விஷயம். முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் நடந்தும் விடுகிறது. நடக்காமல் போனாலோ, அது வருஷக்கணக்கில் நம் கண்ணில் படுவதில்லை. காரை விற்கும்போதோ, விபத்தில் கார் நொறுங்கும்போதோ, குடும்பத்தில் ஒருவர் இறந்துபோகும்போதோதான் தெரிய வருகிறது. அதாவது, அலைவதற்கு நேரமே இல்லாத நேரத்தில்.

இந்தப் பேச்சு இப்போது மீண்டும் எழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய வாகனத்தை ஒப்படைத்துவிட்டு புரோட்டோன் அல்லது பெரோடுவா கார் வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவித்தொகை உண்டு என 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. வீட்டில் நிற்கும் அப்பாவின் பழைய சாகாவையோ கஞ்சிலையோ பார்த்து, "இதைக் கொடுத்துடலாமா?" என்று யோசிப்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். அந்தக் கார்களின் கெரானில் இருக்கும் கடன் நிறுவனத்தின் பெயர், இன்று நாட்டிலேயே இல்லாத பெயராகவும் இருக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• கடன் தீர்ந்ததும் வங்கியின் உரிமைக் கோரல் ஜேபிஜே பதிவிலிருந்து நீக்கப்பட வேண்டும்.
• அதை நீக்கும்படி கேட்க வேண்டியது வங்கி. நீங்கியதா என்று பார்க்க வேண்டியது நீங்கள்.
• கடன் முடிந்த அந்த மாசத்திலேயே செய்தால் சில நாள் வேலை. பத்து வருஷம் கழித்துச் செய்தால் சில வார அலைச்சல்.

கெரானில் வங்கியின் பெயர் ஏன் வந்தது?

நாம் "கார் லோன்" என்று சொல்கிறோம். சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. மலேசியாவில் பெரும்பாலான கார், மோட்டார் கடன்கள் 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வருகின்றன. மலாயில் இதைச் செவா பெலி என்கிறோம். பெயரிலேயே பொருள் இருக்கிறது. முதலில் செவா, பிறகு பெலி. முதலில் வாடகை, பிறகு கொள்முதல்.

அதாவது, வங்கிதான் காரை வாங்குகிறது. நீங்கள் அதை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறீர்கள். ஒப்பந்தத்தில் வங்கியை "உரிமையாளர்" என்றும் உங்களை "வாடகைக்கு எடுப்பவர்" என்றும்தான் சட்டம் குறிப்பிடுகிறது. கடைசிப் பணம் கட்டியதும்தான் கார் சட்டப்படி உங்கள் சொத்தாகிறது. இஸ்லாமிய முறை வாகன நிதியில் பரவலாக உள்ள ஏஐடிஏபி ஒப்பந்தமும் முதலில் வாடகை, பிறகு விற்பனை என்ற அமைப்பிலேயே இயங்குகிறது.

ஆனால் ஜேபிஜேயில் கார் உங்கள் பெயரில்தான் பதிவாகிறது. ரோட்டெக்ஸ் உங்கள் பெயரில். சம்மன் வந்தாலும் உங்கள் பெயரில்தான். அப்படியானால் வங்கி தன் உரிமையை எப்படிக் காப்பாற்றிக்கொள்ளும்? அதற்குத்தான் துந்துத்தான் ஹக் மிலிக், அதாவது உரிமைக் கோரல். "இந்த வாகனத்தின் மீது எங்களுக்கு உரிமை இருக்கிறது, எங்களைக் கேட்காமல் பெயர் மாற்றாதீர்கள்" என்று வங்கி ஜேபிஜேயிடம் போட்டு வைக்கும் குறிப்பு அது. பழைய கெரான் புத்தகத்தைத் திறந்தால் "ஹக்மிலிக் டிதுந்துட் ஒலே" என்ற வரியும், பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும் தேதியும் இருக்கும்.

அந்தக் குறிப்பு இருக்கும்வரை காரை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அதன் வேலையே அதுதான். கடன் பாக்கி இருக்கும்போது அது நியாயமான பூட்டு. கடன் தீர்ந்த பிறகும் அங்கேயே தொங்கினால், அது உங்கள் வீட்டு வாசலில் இன்னொருவர் போட்ட பூட்டு.

பெயர் இருந்தால் இருந்துட்டுப் போகுது, என்ன ஆகிடும்?

இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஏனென்றால் அன்றாட வாழ்க்கையில் ஒன்றும் ஆவதில்லை. ரோட்டெக்ஸ் புதுப்பிக்கலாம். காப்புறுதி எடுக்கலாம். 2023 பிப்ரவரியிலிருந்து ரோட்டெக்ஸ் ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை, கைப்பேசியிலேயே காட்டலாம். கெரானை எடுத்துப் பார்க்கும் சந்தர்ப்பமே வருவதில்லை. இந்தப் பிரச்சினை வருஷக்கணக்கில் ஒளிந்திருப்பது இப்படித்தான்.

அது வெளியே வரும் இடங்கள் நான்கு.

ஒன்று, விற்கும்போது. வாங்குபவர் ரெடி. விலை பேசியாச்சு. வாகனப் பரிசோதனையும் முடிந்தது. ஜேபிஜே முகப்பிடத்தில் போய் நின்றால், "துந்துத்தான் இன்னும் இருக்கு" என்று திருப்பி அனுப்புவார்கள். வாங்க வந்தவர் ஒரு வாரம் காத்திருப்பார். இரண்டாவது வாரம் வேறு கார் பார்த்துவிடுவார்.

இரண்டு, பெரிய விபத்து நடந்தாலோ கார் திருடு போனாலோ. காரைச் சரிசெய்ய முடியாது என்று காப்புறுதி நிறுவனம் முடிவு செய்தால், இழப்பீட்டுத் தொகை முதலில் காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் உள்ள கடன் நிறுவனத்துக்குத்தான் போகும். கடன் முடிந்திருந்தால், அதை நிரூபிக்கும் கடிதத்தை நீங்கள்தான் தேடிக் கொடுக்க வேண்டும். கார் போன கவலையோடு பழைய பேப்பரைத் தேடும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

மூன்று, மரணம். குடும்பங்களுக்கு அதிகம் வலிப்பது இதுதான். அப்பா பெயரில் உள்ள காரை அம்மா பெயருக்கோ பிள்ளை பெயருக்கோ மாற்ற, நீதிமன்றம் அல்லது அமானா ராயா வழியாகச் சொத்து நிர்வாக உத்தரவு வாங்க வேண்டும். அதுவே மாசக்கணக்கில் இழுக்கும். அதன் மேல் வங்கியின் உரிமைக் கோரலும் இருந்தால், எந்த வங்கி, எந்தக் கணக்கு எண், எப்போது முடித்தார் என்று ஒன்றும் தெரியாத பிள்ளைகள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வங்கியும் யாரோ ஒருவரிடம் கணக்கு விவரத்தைச் சொல்லிவிடாது. இறந்தவரின் சட்டப்படியான பிரதிநிதி யார் என்று கேட்கும். பதில் சொல்ல வேண்டிய மனிதர் இல்லை. அவருக்கு அது ஒரு ஃபோன் கால் வேலை.

நான்கு, பழைய காரை ஒழிக்கும்போது. சாலையில் ஓடாத காராக இருந்தாலும், பதிவை ரத்து செய்யும்போது அந்தக் கார் மேல் வேறு யாருக்கும் உரிமை இல்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நீக்குவது யார் வேலை?

முன்பெல்லாம் வங்கி ஒரு விடுவிப்புக் கடிதமும் அசல் கெரானும் கொடுக்கும். அதை எடுத்துக்கொண்டு ஜேபிஜேக்குப் போய், குறிப்பை ரத்து செய்துவிட்டு வருவது வாடிக்கையாளரின் பொறுப்பு. பலர் கெரான் கைக்கு வந்ததுமே வேலை முடிந்துவிட்டதாக நினைத்து, கடிதத்தோடு சேர்த்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். இன்றும் பல வீடுகளில் அந்தக் கடிதம் அப்படியே இருக்கிறது. ஜேபிஜே அதைப் பார்த்ததே இல்லை.

இப்போது வங்கிகளும் பெரிய கடன் நிறுவனங்களும் மின்னியல் முறையில் ஜேபிஜேயோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. கடன் தீர்ந்ததும் வங்கியே கணினி வழியாக உரிமைக் கோரலை ரத்து செய்கிறது. நீங்கள் போக வேண்டியதில்லை. இது நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் இடையில் சில கண்ணிகள் அறுபடக்கூடும்.

கணக்கில் சில ரிங்கிட் தாமதக் கட்டணம் நின்றிருந்தால் கணக்கு "முடிந்தது" என்ற நிலைக்கே வராது. நீங்கள் கடைசித் தவணை கட்டியதாக நினைப்பீர்கள். வங்கியின் கணினி 11 ரிங்கிட் பாக்கி என்று காத்திருக்கும். வாகன எண்ணிலோ அடையாள அட்டை எண்ணிலோ ஒரு எழுத்து தவறியிருந்தாலும் இரு பதிவுகளும் பொருந்தாது. கடன் மோட்டார் கடையோடு சேர்ந்த சிறிய நிறுவனத்தில் எடுத்ததாக இருந்தால், அந்த நிறுவனம் இன்னும் கையால் செய்யும் முறையிலேயே இருக்கலாம்.

இங்கே ஒரு வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சம்மன் கட்டாததால் ஜேபிஜே போடும் தடை வேறு. வங்கியின் உரிமைக் கோரல் வேறு. பெயர் மாற்றம் தடைபட்டால் எது காரணம் என்று முகப்பிடத்தில் தெளிவாகக் கேளுங்கள். சம்மனைக் கட்டிவிட்டு, "இப்ப சரியாயிடும்" என்று திரும்ப வந்து, மறுபடியும் திரும்பிப் போக வேண்டியதில்லை.

என்ன செய்யணும்? வரிசையாக

1. கடைசித் தவணைக்கு ஒரு மாசம் முன்பே, மொத்தப் பாக்கி எவ்வளவு என்ற அறிக்கையை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். தவணை மட்டும் அல்ல, தாமதக் கட்டணம் உட்பட எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தொகை எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் பாருங்கள்.

2. அதில் உள்ள தொகையைச் சென் கணக்கு வரைக்கும் சரியாகக் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருந்தால் நிறுத்திவிடுங்கள். கூடுதலாகப் போன பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

3. கடன் முழுவதும் தீர்ந்தது என்ற கடிதத்தைக் கேளுங்கள். அதில் உங்கள் பெயர், அடையாள அட்டை எண், வாகன எண், கணக்கு எண் நான்கும் சரியா என்று அங்கேயே பாருங்கள். யாராவது ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால் அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அவருடைய பொறுப்பும் அத்தோடு முடிகிறது.

4. அதே நேரத்தில் இன்னொரு கேள்வி: "ஜேபிஜேயில் துந்துத்தானை எப்போது ரத்து செய்வீர்கள்? செய்ததும் எனக்கு எப்படித் தெரியும்?" வங்கிக்கு வங்கி நாள் கணக்கு மாறும். காசோலையாகக் கட்டியிருந்தால் அது மாறும் வரை கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்ப் பேச்சுக்குத் தேதி கிடையாது.

5. அவர்கள் சொன்ன நாள் கழிந்ததும் அடையாள அட்டையோடு ஜேபிஜே கிளைக்குப் போய், உரிமைக் கோரல் நீங்கிவிட்டதா என்று கேளுங்கள். அதுதான் இறுதியான பதில். வங்கியின் கடிதம் உங்கள் கையில் இருப்பது சான்று. ஜேபிஜே பதிவில் பெயர் இல்லாமல் இருப்பதுதான் முடிவு.

6. அடுத்த முறை காப்புறுதி புதுப்பிக்கும்போது, பத்திரத்திலிருந்து கடன் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். முகவர் போன வருஷத்துப் பத்திரத்தை அப்படியே புதுப்பிப்பதுதான் வழக்கம். நீங்கள் சொல்லாவிட்டால் அது அப்படியே தொடரும்.

7. ஓரிரு மாசம் கழித்து, பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை இணையத்தில் இலவசமாக எடுத்துப் பாருங்கள். அந்தக் கடன் இன்னும் பாக்கியாகக் காட்டினால் வங்கிக்கு எழுதுங்கள். அடுத்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

எல்லாப் பேப்பரையும் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். உங்கள் கைப்பேசிக்குள் மட்டும் இருக்கும் கோப்பு, உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் யாருக்கும் இல்லாத கோப்பு.

முன்கூட்டியே கட்டி முடிக்கிறீங்களா?

போனஸ் வந்தது, இபிஎஃப் பணம் வந்தது, கடனை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முன்கூட்டியே கட்டி முடிப்பது உங்களுக்குச் சட்டம் தரும் உரிமை. எழுத்து மூலம் அறிவித்துவிட்டுச் செய்யலாம். வட்டியில் ஒரு பகுதி கழிவாகவும் கிடைக்கும். ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் கிடைக்காது. காரணம், நிலையான வட்டி ஒப்பந்தங்களில் காலங்காலமாக இருந்து வந்த "78 விதி" என்ற கணக்கு.

ஓர் உதாரணம். 50,000 ரிங்கிட் கடன், வருஷத்துக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி, ஐந்து வருஷம். மொத்த வட்டி 7,500 ரிங்கிட். மாசத் தவணை 958 ரிங்கிட் 33 சென். மூன்று வருஷம் கட்டியாச்சு, இன்னும் 24 தவணை, அதாவது 23,000 ரிங்கிட் இருக்கிறது. ஐந்தில் இரண்டு பங்கு காலம் மிச்சம், எனவே வட்டியிலும் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 3,000 ரிங்கிட் கழியும் என்று தோன்றும். 78 விதிப்படி கழிவது சுமார் 1,230 ரிங்கிட்தான். நீங்கள் கட்ட வேண்டியது ஏறக்குறைய 21,770 ரிங்கிட்.

ஏன் இப்படி? இந்த முறையில் வட்டி எல்லா மாசத்துக்கும் சமமாகப் பிரிக்கப்படுவதில்லை. முன்னால் அதிகம், பின்னால் குறைவு. மேலே சொன்ன கடனில் முதல் வருஷத்துக்கு மட்டும் சுமார் 2,680 ரிங்கிட் வட்டி சேர்கிறது. கடைசி வருஷத்துக்கு வெறும் 320 ரிங்கிட்தான். 1 முதல் 12 வரை கூட்டினால் 78 வரும். விதியின் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

இந்த முறையைக் கைவிட வேண்டும் என்ற குரல் பயனீட்டாளர் தரப்பிலிருந்து பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது. உங்கள் விஷயத்தில் எது பொருந்தும் என்பது உங்கள் ஒப்பந்தம் எந்த முறையில் கையெழுத்தானது என்பதைப் பொறுத்தது. எனவே கையில் இருக்கும் பணத்தை எடுத்துக் கட்டுவதற்கு முன், கழிவு எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். கடைசி வருஷத்தில் இருப்பவருக்குச் சில நூறு ரிங்கிட்தான் மிச்சமாகும். அதற்காக அவசரத் தேவைக்கான சேமிப்பைக் காலி செய்வதா என்று யோசித்து முடிவெடுக்கலாம்.

பழைய கார், காணாமல் போன வங்கி

20 வருஷத்துக்கு மேலான கார் என்றால், அது 2000-களின் தொடக்கத்திலோ அதற்கும் முன்போ பதிவானது. அந்தக் காலத்தில் கார் கடன் கொடுத்தவை பெரும்பாலும் தனி நிதி நிறுவனங்கள். அவற்றில் பல இன்று இல்லை. ஆனால் மறைந்துபோகவில்லை, வேறு பெயருக்குள் போய்விட்டன.

மேபன் ஃபைனான்ஸ் 2004-இல் மேபேங்கோடு இணைந்தது. பப்ளிக் ஃபைனான்ஸ் அதே ஆண்டில் பப்ளிக் பேங்கோடு இணைந்தது. சதர்ன் பேங்க் 2006-இல் இன்றைய சிஐஎம்பி குழுமத்துக்குள் வந்தது. புரோட்டோன் கார் வாங்கிய பலருக்குப் பழக்கமான இஓஎன் பேங்க், 2011-இல் ஹோங் லியோங் பேங்கோடு இணைந்தது.

ஒரு வங்கி இன்னொன்றோடு இணையும்போது அதன் கடன்களும் உரிமைகளும் கடமைகளும் புதிய வங்கிக்குப் போய்ச் சேர்கின்றன. எனவே கெரானில் பழைய பெயர் இருந்தால், அதை ஏற்றுக்கொண்ட வங்கியிடம்தான் போக வேண்டும். கெரானின் நகல், அடையாள அட்டை, பழைய ரசீதோ கடிதமோ எது இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். பழைய பதிவுகளைத் தேட அவர்களுக்கு நாள் ஆகும். உங்களிடம் கணக்கு எண் இருந்தால் தேடுவது சுலபம். அந்த எண் பழைய தவணைப் புத்தகத்திலோ ஒப்பந்தத்திலோ இருக்கும். அதனால் வீட்டைச் சுத்தம் செய்யும்போது "இது எதுக்கு?" என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பழைய கார் வாங்கும்போதும், விற்கும்போதும்

நீங்கள் வாங்குபவராக இருந்தால், காரைப் பார்ப்பதற்கு முன் கெரானைப் பாருங்கள். கெரானில் பெயர் இல்லை என்பதோடு நிற்காதீர்கள். ஜேபிஜே பதிவிலும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். "லோன் எல்லாம் முடிஞ்சது, லெட்டர் இருக்கு" என்று யாராவது ஒரு கடிதத்தைக் காட்டினால், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், வங்கியின் பொது எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். கடிதம் அச்சடிப்பது சுலபம். பெயர் உங்களுக்கு மாறும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கடன் பாக்கியோடு விற்பவராக இருந்தால், இன்னும் கவனம் தேவை. பழைய கார் வியாபாரி காரை எடுத்துக்கொண்டு, "பேங்க் பாக்கியை நாங்க கட்டிடுறோம்" என்பார். பெரும்பாலானோர் கட்டியும் விடுவார்கள். கட்டாவிட்டால்? வங்கிக்குப் பொறுப்பு நீங்கள்தான், வியாபாரி அல்ல. கார் உங்களிடம் இல்லை, கடன் மட்டும் உங்களிடம். எத்தனை நாளுக்குள் பாக்கியைக் கட்டுவார் என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வங்கியிடமிருந்து நேரடியாக உறுதி வரும்வரை பின்தொடருங்கள்.

இதைவிட ஆபத்தானது சம்போங் பாயார். பெயரை மாற்றாமல், "மீதித் தவணையை நீ கட்டு, காரை நீ ஓட்டு" என்று கைமாற்றுவது. சமூக ஊடகங்களில் இதற்கு விளம்பரமே ஓடுகிறது. வங்கியின் உரிமையில் இருக்கும் காரை வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றுவது ஒப்பந்தத்தை மீறுவதாகும். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தால் வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் அது குற்றம். கொடுத்தவருக்குக் கடனும் சம்மனும் மிஞ்சும். எடுத்தவர் கடைசித் தவணைவரை கட்டினாலும், விடுவிப்புக் கடிதம் அவர் பெயரில் வராது. எத்தனை வருஷம் கட்டினாலும் கார் அவருடையது ஆகாது.

வங்கி இழுத்தடிச்சா?

முதலில் கிளையோடு நிறுத்தாமல், வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். கடன் முடிந்த தேதி, ரசீது, இதுவரை நீங்கள் கேட்ட தேதிகள் எல்லாவற்றையும் வரிசையாகப் போடுங்கள். கோபமாக எழுதுவதைவிடத் தேதிகளோடு எழுதுவதற்குத்தான் பலன் அதிகம்.

அதற்கும் பதில் வரவில்லை என்றால், வங்கிகளைக் கண்காணிக்கும் பேங்க் நெகாராவின் பொதுமக்கள் சேவைப் பிரிவான பிஎன்எம் லிங்கிடம் போகலாம். பண இழப்பு ஏற்பட்டு, வங்கியின் இறுதிப் பதிலில் திருப்தி இல்லை என்றால், நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மேன் சேவை இருக்கிறது. முன்பு தனித்தனியாக இருந்த இரண்டு தீர்வு அமைப்புகளை இணைத்து, 2025 ஜனவரி முதல் இயங்கும் அமைப்பு இது. பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் வங்கியிடம் முதலில் புகார் செய்து பார்த்த பிறகுதான் அங்கே போக முடியும்.

கடன் கொடுத்தது வங்கி அல்லாத நிறுவனமாக இருந்தால், வாடகைக் கொள்முதல் சட்டத்தைக் கவனிக்கும் உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். மோட்டார் கடையில் தவணைக்கு எடுத்தவர்களும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வருகிறவர்கள்தான்.

பூட்டு போட அவசரம், திறக்க யாருக்கு அவசரம்?

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கார் வாங்கும்போது உரிமைக் கோரல் பதிவாகாமல் ஒரு ரிங்கிட் கூட வங்கியிலிருந்து வெளியே வராது. அந்தப் பதிவில் அவர்கள் பணம் இருக்கிறது. அதனால் அது உடனே நடக்கிறது, தவறாமல் நடக்கிறது. கடன் முடியும்போது அந்தப் பதிவை நீக்குவதில் வங்கிக்கு லாபமும் இல்லை, நீக்காததில் பெரிய நஷ்டமும் இல்லை. அவசரம் ஒருவருக்குத்தான். அவரும் தனக்கு அவசரம் இருப்பது தெரியாமல் நிம்மதியாக இருக்கிறார்.

சட்டம் கடன் வாங்கியவரை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. காரின் விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டவரிடமிருந்து, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வங்கி காரை இழுத்துப் போக முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதாவது, தவணை கட்டக் கட்ட உங்கள் உரிமை வளர்கிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. நூறு விழுக்காடும் கட்டிய பிறகு, அந்த உரிமை பதிவிலும் தெரிய வேண்டாமா?

கடன் தீர்ந்த அன்றே கணினி தானாகப் பெயரை நீக்கி, "உங்கள் வாகனத்தின் மீது இனி யாருக்கும் உரிமைக் கோரல் இல்லை" என்று உரிமையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால், இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது. வங்கியும் ஜேபிஜேயும் ஏற்கெனவே கணினியால் இணைந்திருக்கும் காலத்தில், இது கேட்கக்கூடாத கேள்வியும் அல்ல.

அதுவரைக்கும் வேலை நம்முடையதுதான். கடன் சமீபத்தில் முடிந்தவர்கள், இந்த மாசமே ஜேபிஜேயில் கேட்டுவிடுங்கள். எப்போதோ முடிந்தவர்களும் கேட்டுவிடுங்கள். வீட்டில் அப்பாவோ அம்மாவோ பழைய கார் வைத்திருந்தால், இந்த வார இறுதியில் அந்தக் கெரானை எடுத்து "ஹக்மிலிக் டிதுந்துட் ஒலே" என்ற வரிக்குப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த வங்கி, எப்போது முடித்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பதில்கள் இப்போது அவர்கள் நினைவில் இருக்கின்றன. வேறெங்கும் இல்லாமலும் இருக்கலாம்.